நாற்பத்தேழாம் நம்பர் விளக்கு

அந்த ஹாலில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது மேடைக்கு முன்னால் இருக்கிற பள்ளம். வாத்தியக்காரர்கள் உட்காருவதற்காக எந்தக் காலத்திலோ தோண்டியது. இப்போது வாத்தியமும் இல்லை, வாசிக்க ஆளும் இல்லை. உடைந்த இரும்பு நாற்காலிகளைக் கால் மேலே பார்க்கும்படி அதற்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆழம் எட்டடி. பலகை போட்டு மூடச் சொல்லி நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். "பாக்கலாம்மா" என்றார்கள். பார்க்கலாம் என்றால் இந்த ஜென்மத்தில் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் நடிகர். அவர் நடிக்கிற நாடகத்துக்கு விளக்குப் பார்ப்பவள் நான். ஹாலின் பின்பக்கம் மாடிப்படி ஏறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. அதில் நாற்பத்தெட்டு ஃபேடர்கள் உள்ள ஒரு கன்ட்ரோலர். ஃபேடர் என்பது ஒரு விரல் நீளத்துக்கு மேலும் கீழும் நகர்கிற சின்னக் கட்டை. மேலே தள்ளினால் விளக்கு ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். "இதுக்கு ஒரு படிப்பா?" என்று என் அக்கா கேட்பாள். விளக்கைப் போட யாருக்கும் தெரியும், அணைக்கத்தான் தெரியாது. ஒரு சிவப்பு எப்போது மங்க ஆரம்பித்தது என்று பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது. அது போன பிறகுதான் போய்விட்டது என்று அவனுக்கு உறைக்க வேண்டும். மேடையில் ஒரு நிறம் மூன்று சதவீதம் குறைந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். என் கண்மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

அவருக்கு மாலைக்கண். இருட்டினால் ஒன்றும் தெரியாது, வெளிச்சம் இருந்தால் தெரியும். டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்று அவர் சொன்னார். இந்த விஷயம் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இயக்குநருக்குத் தெரிந்தால் அடுத்த நாளே வேறு ஆளைப் போட்டுவிடுவார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது, பள்ளம் இருக்கிற மேடையில் யார்தான் துணிவார்கள்? ஆனால் நாடகத்தைப் பிடுங்கிக்கொண்டால் என் வீட்டுக்காரரிடம் மிஞ்சுவது ஒரு பழைய குடையும் மூக்குமேல் கோபமும்தான். இருபத்திரண்டு வருஷமாக வேறு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை மனுஷன்.

அதனால் அவர் கண்ணுக்குத் தகுந்தபடி நான் விளக்கை அமைத்தேன். எங்கள் நாடகத்தில் பட்டென்று அணைகிற விளக்கே கிடையாது. எல்லாம் மெல்ல, மெல்ல. "ஏம்மா, உன் விளக்கெல்லாம் கட்டை வண்டியிலயா போகுது?" என்று இயக்குநர் கேலி செய்வார். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன்.

கடைசிக் காட்சிதான் எனக்குப் பயம். இருபது வருஷம் சிறையில் இருந்தவன் வெளியே வருகிறான். கொட்டுகிற மழை. மேடையின் பின்கோடியிலிருந்து பார்வையாளர்களை நோக்கி நேராக நடந்து வருகிறான். அவன் இடது பக்கத்தில் வரிசையாக மூன்று விளக்குகள்: முதலில் சிவப்பு, நடுவில் மஞ்சள், முன்னால் நீலம். அவன் வர வர எதிரில் இருப்பது மெல்ல ஏறும், கடந்தது பின்னால் மெல்ல மங்கும். மஞ்சளில் நின்று, யாரையோ தேடுகிறவன் போலக் கைகளை விரித்து மூன்று சுற்று சுற்றுவான். பிறகு மறுபடி நடப்பான். நீலத்தில் நிற்பான். நீலத்துக்கு அப்புறம் இரண்டே அடி, அதற்கு அப்புறம் பள்ளம்.

"சிவப்பு, மஞ்சள், நீலம். நீலத்துல நின்னுடணும்," என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "தெரியும்மா தாயே, நான் என்ன பச்சைப் பிள்ளையா?" என்பார். பதினோரு தடவை நாடகம் போட்டோம். பதினோரு தடவையும் நீலத்தில் அச்சாக நின்றார். மஞ்சளில் சுற்றி முடித்ததும் இடது கன்னத்தை விளக்கின் பக்கம் லேசாகத் திருப்பி, கண்ணை மூடி ஒரு நொடி நிற்பார். வெளிச்சத்தில் குளிக்கிற மாதிரி இருக்கிறது என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள்.

பன்னிரண்டாவது தடவை நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு.

காலையில் எட்டு மணிக்குப் போனால் ஹாலில் என் விளக்குகள் ஒன்றும் இல்லை. பழைய பல்பு விளக்குகளையெல்லாம் இறக்கிவிட்டு எல்.இ.டி. ஏற்றியிருந்தார்கள். ஹால் எலக்ட்ரீஷியன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கரண்டு மிச்சம்மா. ரெண்டே ரெண்டுதான் பாக்கி. முன்னாடி மூலையில தரையில இருக்குல்ல, திரைக்கு அடிக்கிற விளக்கு. நட்டு துருப்பிடிச்சுப் போச்சு, கழட்ட வரல. நாப்பத்தேழும் நாப்பத்தெட்டும். அது ரெண்டும் இங்கேயே சாகட்டும்னு விட்டுட்டேன்."

எல்.இ.டி. மங்குகிற விதமே வேறு. பழைய பல்பு, அடுப்புத் தணல் மாதிரி அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். இது ஐந்து சதவீதம் வரை ஒழுங்காக இறங்கி, அங்கிருந்து பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்துவிடும். அப்படி விழுந்தால் என் வீட்டுக்காரர் கதி? உட்கார்ந்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் இறங்குகிற வேகத்தைத் தனித்தனியாக மாற்றி, கடைசி பத்து சதவீதத்தை இழுத்து இழுத்து நீட்டினேன். சோறு தண்ணி இல்லாமல் ஐந்து மணி நேரம். மேடையில் நடந்து காட்ட எங்கள் கயிற்றண்ணனை நிற்க வைத்தேன். திரைக் கயிறு இழுப்பதும் மழைச் சத்தம் போடுவதும் அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். ஒன்றரை மணிக்கு, பழைய விளக்கும் புதிய விளக்கும் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஒரே ஒரு உறுத்தல். மூலையில் இருந்த அந்த இரண்டு கிழட்டு விளக்கும் லேசாக எரிந்தாலே என் நீலம் சாயம் போன துணி மாதிரி ஆனது. கை தவறிக்கூட யாரும் அவற்றை ஏற்றிவிடக் கூடாது என்று கன்ட்ரோலரில் இரண்டின் இணைப்பையும் அழித்தேன். இனி நாற்பத்தேழையும் நாற்பத்தெட்டையும் தள்ளினால் காற்றைத் தள்ளின மாதிரி. சுத்தம். எனக்குத் திருப்தியாக இருந்தது.

இரண்டு மணிக்கு மேக்கப் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைச் சுற்றி வரிசையாக விளக்கு. அதில் என் தலையைப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் சாயம் போடுவதை விட்டுவிட்டேன். "கிழவி மாதிரி இருக்கே" என்று என் அக்கா முகத்துக்கு நேராகச் சொன்னாள். இவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. ஊரையே நக்கலடிக்கிற வாய், என் நரையை மட்டும் தொடவில்லை. அது எனக்கு உள்ளூரப் பெருமை.

"விளக்கையெல்லாம் மாத்திட்டாங்க," என்றேன். "பயப்படாதீங்க, சரி பண்ணிட்டேன். பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது."

டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விளிம்பில் ஆள்காட்டி விரலை மடக்கி வைத்து, தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்தினார். கொஞ்ச நாளாக அவருக்கு இந்தப் பழக்கம்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. பழசு ரெண்டு இருக்கு, அதையும் புடுங்கி விட்டுட்டேன்."

"புது விளக்கு சூடா இருக்குமா?"

"சூடே கிடையாதுங்க. கை வச்சாக்கூட ஒண்ணும் ஆகாது. இனிமே உங்களுக்கு வேர்க்காது, மேக்கப் ஓடாது."

தண்ணீரை முழுக்கக் குடித்தார். டம்ளரை மேஜையில் வைத்து, அது விளிம்பில் இல்லை என்று கையால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நல்லது," என்றார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்? நானும்தான் என்ன செய்தேன், "சிவப்பு, மஞ்சள், நீலம்" என்று பாடத்தை ஒப்பித்துவிட்டு மாடிப்படி ஏறிவிட்டேன்.

நாடகம் நன்றாகத்தான் போனது. முதல் காட்சிகளில் அவருடன் நாலு பேர் இருப்பார்கள், ஒருவர் தோளில் கை போடுவார், ஒருவர் இழுத்துக்கொண்டு போவார். கடைசிக் காட்சியில் அவர் தனி. மழைச் சத்தம் தொடங்கியது. பதிந்து வைத்திருந்த விளக்கு வரிசையை ஓடவிட்டேன், சிவப்பு ஏறியது. அவர் வந்தார். சிவப்பு அவர் முதுகுக்குப் பின்னால் மங்கிய அழகைப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். மஞ்சள் ஏறியது. கைகளை விரித்துச் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றார். இடது கன்னத்தைத் திருப்பினார்.

ஆனால் விளக்கு அந்தப் பக்கம் இல்லை. அரைச் சுற்று கூடுதலாகப் போயிருந்தது. விளக்குக்கு நேர் எதிராக, வெறும் இருட்டைப் பார்த்துக் கன்னத்தைக் காட்டினார். பிறகு வலது பக்கம் திருப்பினார். பிறகு இடது கையை மெல்லத் தூக்கி, உள்ளங்கையை முன்னால் நீட்டி, இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி காற்றில் தடவினார். இது நாடகத்தில் இல்லாதது.

சூடா இருக்குமா?

அவர் என் நிறங்களைப் பார்த்ததே இல்லை. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை, நீலம் இல்லை. ஆயிரம் வாட் பல்பின் சூடு கன்னத்தில் மூன்று தடவை படும். மூன்றாவது தடவை நிற்க வேண்டும். பதினோரு தடவையும் அப்படித்தான் நடந்திருக்கிறார். அந்தச் சூட்டைத்தான் நான் இன்றைக்குப் பிடுங்கிவிட்டு, நிறம் பிசகாமல் இருக்கிறதா என்று ஐந்து மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நடக்கத் தொடங்கினார். எப்படியோ பார்வையாளர்கள் இருக்கும் திசையைப் பிடித்துவிட்டார், யாராவது இருமியிருப்பார்கள். மஞ்சளிலிருந்து பள்ளத்துக்கு ஒன்பது அடி. அந்த நடைக்கு ஓர் அடிக்கு மூன்று நொடி.

ஒன்று.

ஹெட்செட்டில் கத்தினேன். "அண்ணே! திரையை மூடுங்க! அண்ணே!" கயிற்றண்ணன் கடைசிக் காட்சியில் ஹெட்செட்டைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டுக் கயிற்றுப் பக்கம் போய் நின்றுகொள்வார். எனக்கே தெரியும், இருந்தாலும் கத்தினேன். இரண்டு. கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் திரும்பி என்னை முறைத்தாள். மழைச் சத்தத்தில் மேடைக்கு அது எங்கே கேட்கப்போகிறது? கேட்டாலும் அவர் நிற்க மாட்டார். கூரையே விழுந்தாலும் நடிகன் நடையை நிறுத்தக் கூடாது என்பது அவர் சட்டம். படி இறங்கி ஓடினால் பாதி ஹாலைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

கன்ட்ரோலரைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு ஃபேடர், ஹாலையே பகலாக்கலாம், இரவாக்கலாம். அத்தனையையும் ஏற்றினாலும் அவருக்கு ஒன்றுதான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்கள். கட்டிவிட்டது யார் என்றால் கட்டின பெண்டாட்டி.

மூன்று.

நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. நீலத்துக்கு நேராகத் தரையில், இரண்டு மூலையிலும், துருப்பிடித்த பல்பு விளக்கு. அந்த நட்டுக்கு நான் கோயில் கட்டலாம்.

நாற்பத்தெட்டைத் தேர்ந்தெடுத்து அதன் இணைப்பு எண்ணைத் தட்டினேன். அவசரத்தில் ஆறுக்குப் பதில் ஒன்பது விழுந்தது. அழித்து மறுபடி தட்டினேன். திரையில் 'நிச்சயமா?' என்று கேட்டது. காலையில் அழிக்கும்போதும் இப்படித்தான் கேட்டது, பெரிய மேதாவி மாதிரி சட்டென்று 'ஆம்' என்று அழுத்தினேன். ஆம். ஆம். சனியனே, ஆம். நான்கு. ஃபேடரைப் பிடித்து ஒரே தள்ளாக உச்சிக்குத் தள்ளினேன்.

அவருக்கு வலது மூலையில் ஒரு வெள்ளை மின்னல். டப் என்று ஒரு சத்தம். செத்துவிட்டது.

இந்த வேலைக்கு வந்த முதல் வாரம் கற்றுக்கொள்கிற பாடம் இது: குளிர்ந்து கிடக்கிற பழைய பல்பை ஒரேயடியாக ஏற்றினால் அதன் கம்பி அறுந்துவிடும். பதினெட்டு வருஷமாக ஒரு பல்பைக்கூட நான் அப்படிக் கொன்றதில்லை.

ஐந்து. சத்தம் கேட்டு அவர் தலை லேசாக அசைந்தது. கால் நிற்கவில்லை.

நாற்பத்தேழு. எண். நிச்சயமா? ஆம். ஃபேடரில் கட்டைவிரலை வைத்தேன். கை முழுக்கத் தள்ளு தள்ளு என்று துடித்தது. தள்ளினால் இதுவும் போகும், இது போனால் அவரும் போவார். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து சதவீதம் ஏற்றி நிறுத்தினேன். மூலையில் ஒரு செம்பழுப்புப் பொட்டு. ஆறு. பதினைந்து. இருபது. என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான தடவை ஒளியை மெல்ல ஏற்றியிருக்கிறேன், அதெல்லாம் விளையாட்டு. முப்பது. அவர் நீலத்துக்குள் வந்துவிட்டார், மேலே அழகான நீலம், சவத்துக்குப் போட்ட மாலை மாதிரி. அதற்குள் என் பழுப்பு கலக்க ஆரம்பித்தது. ஏழு. நாற்பது, ஐம்பது. நின்னுடுங்க. கடவுளே, நின்னுடுங்க. நீலம் நாசமாகப் போகட்டும். எழுபது. எட்டு. அவர் வலது கால் எழுந்தது. தொண்ணூறு, நூறு.

அந்தக் கால் இறங்கவில்லை.

விளிம்புக்கு மேலே, காற்றில், அப்படியே நின்றது. முகம் மெல்ல இடது பக்கம் திரும்பியது. காலைப் பின்னால் இழுத்து வைத்தார். இடது கையை விளக்கை நோக்கி நீட்டிக்கொண்டு, குளிர்காய்கிறவனைப் போல நின்றார்.

மூங்கில் வெடித்த மாதிரி கைதட்டல். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

நான் ஃபேடரிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுத்தால் எந்தப் பக்கம் பள்ளம் என்று அவருக்குத் தெரியாது. திரை அவருக்குப் பின்னால்தான் மூடும். மூடியதும் அவர் ஒரு பக்கம் நடந்து உள்ளே போக வேண்டும். வழக்கமாக நீல விளக்கின் சூட்டை வைத்துத்தான் போயிருப்பார். இன்றைக்கு ஒரு விளக்கும் ஒரு பள்ளமும்தான் இருக்கின்றன. அந்தக் கிழட்டு பல்பு நூறில் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஹெட்செட்டில் கரகரவென்று சத்தம். கயிற்றண்ணன் திரும்பி வந்திருந்தார்.

"என்னம்மா அது, மூலையில பழுப்பா? இயக்குநர் தையத்தக்கான்னு குதிக்கிறார்."

"அண்ணே, மேடைக்குப் போயி அவரைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு? கைதட்டு இன்னும் ஓயலியே, அவரே வருவாரு."

ஹெட்செட்டில் பேசுவது மேடைப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். இயக்குநருக்கும் கேட்கும். ஒன்றரை வருஷமாக அடைகாத்த ரகசியம். அவருடைய இருபத்திரண்டு வருஷம். கால் தூக்கி நின்ற அந்த நொடி மறுபடி கண்ணுக்குள் வந்தது.

"அவருக்குக் கண்ணு தெரியாது, அண்ணே," என்றேன். "சுத்தமா தெரியாது."

பிறகு கயிற்றண்ணன் ஓடுவது தெரிந்தது. அவர் என் வீட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்த பிறகுதான் நான் நாற்பத்தேழை இறக்கினேன்.

மேக்கப் அறையில் அவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இயக்குநர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லிட்டியாமே," என்றார் அவர்.

"சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சூடு இருக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் மேடை ஏறினீங்க? செத்துப் போறதுக்கா?" கத்தினேன். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல ஆத்திரம். அவரைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது.

"அடியை எண்ணிடலாம்னு நெனச்சேன். சுத்தினதுல எல்லாம் மறந்து போச்சு." மடியில் கிடந்த கையைப் பார்க்கிறவர் போலக் குனிந்திருந்தார். "சொன்னா விளக்குப் போடறதையே நீ விட்டுருவே. எனக்காகத்தான் பாத்துப் பாத்துப் போடறே. அது எனக்குத் தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

அவர் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து என்று கேட்க வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"என் தலை நரைச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் முகம் நிமிர்ந்தது. கண் இரண்டும் என் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே, எங்கேயோ நின்றன. கை எழுந்து தடவிக்கொண்டே வந்து என் காதை முதலில் கண்டுபிடித்தது, அங்கிருந்து தலைக்குப் போனது. விரல்கள் முடிக்குள் மெல்ல மெல்ல ஊர்ந்தன, நரை சூடாக இருக்கும் என்பது போல.

"எவ்வளவு?" என்றார்.

"எழுபது சதவீதம்," என்றேன்.